நான்கு நிமிடம் இருக்கும்போது வந்த அழைப்பு: சீன உச்ச நீதிமன்றத் தலைவர் ஷியாவோ யாங்கின் பாதை

2002 ஏப்ரல் 29. சீனாவின் யான்ஆன் நகரம். மாவோவின் படை 1930களில் தளம் அமைத்திருந்த அதே ஊர். அன்று காலை பத்தரை மணிக்கு ஒரு மரண தண்டனைக் கைதியைச் சுடுவதாக நேரம் குறித்திருந்தார்கள். முந்தைய ஆண்டு மே மாதம் ஒரு நடன அரங்கின் வெளியே நடந்த அடிதடியில், எதிராளியின் தலையில் நடைபாதைக் கல்லால் அடித்துக் கொன்றார் என்பது வழக்கு. தற்காப்புக்காக அடித்தார் என்பது அவருடைய வழக்கறிஞரின் வாதம். மாகாண உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. வழக்கறிஞர் விடவில்லை. பெய்ஜிங்குக்குப் போய், உச்ச மக்கள் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதியைப் பிடித்து, காகிதங்களைக் காட்டி மன்றாடினார். தண்டனைக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது உத்தரவு போனது: நிறுத்துங்கள்.

சீனப் பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. ஆனால் வழக்கு மறுபரிசீலனைக்காக அதே மாகாண உயர் நீதிமன்றத்துக்குத்தான் திரும்பிப் போனது. அந்த நீதிமன்றம் பழைய தீர்ப்பையே உறுதி செய்தது. செப்டம்பர் 5 அன்று அவரைச் சுட்டுவிட்டார்கள்.

இதில் நெஞ்சை உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. சீனச் சட்டப்படி மரண தண்டனைக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தர வேண்டும். அப்படியென்றால் ஒரு வழக்கறிஞர் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும்வரை பெய்ஜிங் ஏன் அந்த வழக்கைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால், அந்த நாட்களில் உச்ச மக்கள் நீதிமன்றத்தின் தலைவராக இருந்த ஷியாவோ யாங்கின் வாழ்க்கைக்குள் போய் நிற்போம்.

ஷியாவோ யாங் பிறந்தது 1938-ல், தெற்கே குவாங்டொங் மாகாணத்தின் ஹேயுவானில். 1957-ல் பெய்ஜிங்கின் சீன மக்கள் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். சட்டம் படிக்க அதைவிட மோசமான ஆண்டு கிடையாது. அந்த ஆண்டுதான் 'வலதுசாரிகள்' என்று முத்திரை குத்தி அறிவாளிகளை வேட்டையாடும் இயக்கம் தொடங்கியது. சட்டத்தின் முன் அனைவரும் சமம், நீதிபதி சட்டத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டவர் என்று பேசியவர்கள் எல்லாம் அதில் மாட்டினார்கள். வழக்கறிஞர் தொழில் கிட்டத்தட்ட மறைந்தே போனது. 1959-ல் நீதி அமைச்சகத்தையே கலைத்துவிட்டார்கள். ஆக, அவர் படித்து முடித்து வெளியே வந்த 1962-ல், படித்த படிப்புக்கு நாட்டில் இடமே இல்லை. தொலைதூர ஷின்ஜியாங்கில் ஊழியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் வேலை. அப்புறம் சொந்த மாகாணத்துக்குத் திரும்பி சூஜியாங் கவுண்டியில் காவல் துறை வேலை, கட்சி வேலை. கலாசாரப் புரட்சியின் பத்து ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

நீதி அமைச்சகம் மறுபடி உயிர்பெற்றது 1979-ல். சட்டம் படித்தவர்களைத் தேட ஆரம்பித்தபோது அப்படிப்பட்டவர்கள் நாட்டில் சொற்பம். 1983-ல் குவாங்டொங் மாகாண வழக்குத் தொடுப்புத் துறைக்கு ஷியாவோ யாங் துணைத் தலைவராக வந்தார், 1986-ல் தலைவரானார்.

குவாங்டொங் அப்போது சீனாவின் திறந்த கதவு. ஷென்ஜென் சிறப்புப் பொருளாதார மண்டலம், ஹாங்காங் முதலீடு, கடத்தல், கமிஷன், எல்லாம் ஒரே இடத்தில். பணம் புழங்கிய இடத்தில் லஞ்சமும் புழங்கியது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஹாங்காங்கில் 1974 முதல் லஞ்ச ஒழிப்புக்கென்று தனி ஆணையம் இயங்கி வந்தது. மக்கள் நேரில் போய்ப் புகார் கொடுக்கலாம் என்பது அதன் பலம். 1988 மார்ச்சில் ஷென்ஜெனில் பொதுமக்கள் புகார் தரும் மையம் திறந்தது. சீனாவில் அதுதான் முதல். 1989 ஆகஸ்டில் மாகாண அளவில் ஊழல் லஞ்ச ஒழிப்புப் பணியகம். அதுவும் நாட்டிலேயே முதல். பிறகு இந்த ஏற்பாடு நாடு முழுக்கப் பரவியது. அதிகாரிகள் மேல் வழக்குப் போட, கட்சியின் ஒழுங்குக் குழுவைத் தாண்டி, சட்டத்தின் வழியில் ஒரு அலுவலகம் வேண்டும் என்பது அவர் பிடித்துக்கொண்ட யோசனை. இந்தப் பணியகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அது என்ன ஆனது என்று பார்க்கலாம்.

1990 கடைசியில் பெய்ஜிங்குக்கு அழைத்து உச்ச வழக்குத் தொடுப்புத் துறையில் துணைத் தலைவர் ஆக்கினார்கள். 1993-ல் நீதி அமைச்சர். அமைச்சராக இருந்த ஐந்து ஆண்டுகளில் சிறைச் சட்டம் வந்தது, வசதியில்லாதவர்களுக்கான சட்ட உதவி அமைப்பு தொடங்கியது. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது 1996-ன் வழக்கறிஞர் சட்டம். அதுவரை இருந்த 1980 விதிகளின்படி வழக்கறிஞர் என்பவர் 'அரசின் சட்டப் பணியாளர்'. புதிய சட்டம் அதை 'சமூகத்துக்குச் சட்டச் சேவை அளிப்பவர்' என்று மாற்றியது. பார்க்க இரண்டு சொல் மாற்றம். ஆனால் யான்ஆனில் இருந்து பெய்ஜிங்குக்கு ஓடிய வழக்கறிஞர் அரசின் ஊழியராக இருந்திருந்தால் ஓடியிருப்பாரா? இன்னொன்று, 1994 டிசம்பரில், பெய்ஜிங்கில் தலைமை அலுவலகங்கள் இருக்கும் ஜோங்னான்ஹாய் வளாகத்தில், நாட்டின் உச்சத் தலைவர்களை உட்கார வைத்துச் சட்டப் பேராசிரியர் ஒருவர் பாடம் நடத்தினார். அந்த வழக்கத்துக்குப் பின்னால் நீதி அமைச்சகம் இருந்தது. சில ஆண்டுகளில் 'சட்டப்படி நாட்டை ஆள்வது' என்ற வாசகம் கட்சி ஆவணங்களில் ஏறி, 1999-ல் அரசமைப்புச் சட்டத்துக்குள்ளும் புகுந்தது.

1998 மார்ச்சில் உச்ச மக்கள் நீதிமன்றத்தின் தலைவரானார். மக்கள் சீனத்தின் சொந்தச் சட்டக் கல்வியில் படித்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். முன்னவர் ரென் ஜியான்ஷின் படித்தது வேதிப் பொறியியல்.

இங்கே கொஞ்சம் நின்று அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைமை நீதிபதி என்றதும் நம் மனதில் வரும் உருவம் சீனாவுக்குப் பொருந்தாது. அங்கே அந்தப் பதவி நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸ் தேர்ந்தெடுத்துத் தருவது; ஐந்தாண்டு, அதிகபட்சம் இரண்டு முறை. அரசாங்கமும் நீதிமன்றமும் எதிரெதிர் தூண்கள் அல்ல. இரண்டுக்கும் மேலே கட்சி. காவல் துறை, வழக்குத் தொடுப்புத் துறை, நீதிமன்றம் மூன்றையும் ஒருங்கிணைக்க மத்திய அரசியல்-சட்டக் குழு என்று கட்சியில் ஒன்று உண்டு. கீழே மாகாணம், நகரம், கவுண்டி வரை அதற்குக் கிளைகள். ரென் ஜியான்ஷின் நீதிமன்றத் தலைவராக இருந்துகொண்டே அந்தக் குழுவுக்கும் செயலாளராக இருந்தார். ஷியாவோ யாங்குக்கு அது கிடைக்கவில்லை. அவர் காலத்தில் அந்தக் குழுவின் செயலாளர் லுவோ கான், பின்னால் கட்சித் தலைமையான அரசியல் குழுவின் (பொலிட்பீரோ) நிலைக்குழு வரை போனவர். 2002-ல் காவல் துறை அமைச்சரான ஜோ யோங்காங் அரசியல் குழு உறுப்பினர். ஷியாவோ யாங் அதற்கு ஒரு படி கீழே, மத்தியக் குழு உறுப்பினர் மட்டுமே. அதாவது, பிடித்துக் கொண்டு வருகிற துறையின் தலைவர், தீர்ப்புச் சொல்கிற துறையின் தலைவரைவிடக் கட்சியில் மேலே. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால்தான், அவர் செய்ததின் அளவும் செய்யாமல் விட்டதின் காரணமும் புரியும்.

அவர் வந்தபோது நீதிமன்றங்கள் இருந்த நிலை கவலைக்கிடம். ஏறத்தாழ 2 லட்சம் நீதிபதிகள். அவர்களில் பெரும் பகுதி முறையாகச் சட்டம் படிக்காதவர்கள். ராணுவத்தில் இருந்து விலகியவர்களை நீதிமன்றத்துக்கு அனுப்புவது வழக்கமாக இருந்தது. உடையும் அதற்கேற்ற மாதிரி: தோளில் பட்டை, தலையில் தொப்பி, கிட்டத்தட்ட காவலர் போலவே. அந்த உடையைக் கழற்றச் செய்து கருப்பு அங்கியைக் கொண்டு வந்தார்கள். 2002 ஜூன் முதல் மேஜையில் மரச் சுத்தியல். வெறும் வேஷம் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காவலரும் நீதிபதியும் ஒரே சீருடையில் நின்றால், குற்றம் சாட்டப்பட்டவன் யாரிடம் முறையிடுவான்?

உடையைவிடப் பெரியது தேர்வு. நீதிபதி, அரசு வழக்கறிஞர், வழக்கறிஞர் மூவருக்கும் ஒரே தேசியத் தேர்வு என்று 2001-ல் சட்டத்தைத் திருத்தி, 2002 மார்ச்சில் முதல் தேர்வை நடத்தினார்கள். 3 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் எழுதினார்கள். தேறியவர்கள் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர்தான். ஆனால் இந்த விதி புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும். ஏற்கெனவே நாற்காலியில் இருந்தவர்கள் இருந்தபடியே இருந்தார்கள்.

சீன நீதிமன்றங்களின் நோய் என்று ஷியாவோ யாங் வெளிப்படையாகவே மூன்றைச் சொல்வார். உள்ளூர்மயம், அதாவது உள்ளூர் அரசே சம்பளம் தருவதால் நீதிபதி அதற்குக் கட்டுப்படுவது. நிர்வாகமயம், அதாவது விசாரித்தவர் ஒருவர், தீர்ப்பை முடிவு செய்யும் மேலதிகாரி இன்னொருவர். மூன்றாவது, தொழில் பயிற்சி இல்லாமை. மூன்றாவதைத் தேர்வு வைத்துத் தீர்க்கலாம். முதல் இரண்டைத் தீர்க்கக் கட்சி இறங்கி வர வேண்டும்.

அந்த நோய் முற்றினால் என்ன ஆகும் என்று 2001 பிப்ரவரியில் ஷென்யாங் நகரம் காட்டியது. நகர மேயர் ஊழலில் சிக்கியிருந்தார். இடைநிலை நீதிமன்றத்தின் தலைவரும் இரண்டு துணைத் தலைவர்களும் விசாரணை வளையத்தில். நகர மக்கள் காங்கிரஸ் கூட்டத்தின் கடைசி நாள், நீதிமன்றத்தின் ஆண்டறிக்கையை வழக்கம்போல வாக்கெடுப்புக்கு விட்டார்கள். வந்திருந்தவர்கள் 474 பேர். ஆதரவு 218 மட்டும். அறிக்கை தோற்றுப் போனது. கை தூக்கியே பழகிய ஒரு மன்றத்தில், மக்கள் சீன வரலாற்றில் இப்படி நடந்தது அதுவே முதல் முறை. அந்த நீதிமன்றத் தலைவருக்குப் பின்னர் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஷியாவோ யாங் ஒவ்வொரு மார்ச் மாதமும் தேசிய மக்கள் காங்கிரஸ் முன் நின்று தன் அறிக்கையைப் படிக்க வேண்டியவர். ஷென்யாங் செய்தி அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று உச்ச மக்கள் நீதிமன்றம், ஒரு மாகாண நீதிமன்றம் கேட்ட கேள்விக்குச் சிறிய பதில் குறிப்பு ஒன்றை வெளியிட்டது. சில வரிகள்தான். சீனச் சட்ட உலகம் அதைப் படித்துவிட்டுத் தூங்கவில்லை.

ஷான்டொங் மாகாணத்து இளம்பெண் ஒருவர் 1990-ல் தொழிற்பள்ளித் தேர்வில் தேறியிருந்தார். அனுமதிக் கடிதம் அவர் கைக்கு வரவே இல்லை. உடன் படித்த இன்னொரு பெண், கிராமக் கட்சிச் செயலாளரின் மகள், அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு இவர் பெயரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். படித்து முடித்து, இவர் பெயரிலேயே வங்கியில் வேலையும் வாங்கிக்கொண்டார். உண்மையான பெண்ணுக்கு இது தெரிய வந்தது கிட்டத்தட்ட பத்து ஆண்டு கழித்து, 1999-ல். அவர் நீதிமன்றத்துக்குப் போனார். பெயரைத் திருடியதற்குச் சட்டம் இருந்தது. படிப்பைத் திருடியதற்கு? எந்தச் சாதாரணச் சட்டத்திலும் நேரான வழி இல்லை. கல்வி உரிமை அரசமைப்பில் மட்டும் இருந்தது. குற்றவியல் தீர்ப்புகளில் அரசமைப்பை ஆதாரமாக வைப்பது பொருத்தமில்லை என்று 1955-ல் சொன்னதில் இருந்தே, சீன நீதிமன்றங்கள் அதைத் தொடாமல் ஒதுங்கியே வந்தன.

உச்ச நீதிமன்றம் இந்த முறை தொட்டது. அரசமைப்பு தரும் கல்வி உரிமை மீறப்பட்டிருக்கிறது, அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று எழுதியது. மாகாண நீதிமன்றம் அதன்படி இழப்பீடு தரச் சொன்னது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஹுவாங் சோங்யூ, அரசமைப்பை நீதிமன்றத்தில் பயன்படுத்தும் காலம் வந்துவிட்டது என்ற தொனியில் எழுதினார். அன்றைக்கு இளம் வழக்கறிஞர்களுக்கு எவ்வளவு பெரிய நம்பிக்கை! அரசமைப்பை நீதிபதி எடுத்துப் படிக்கலாம் என்றால், அடுத்து அதை வைத்து அரசையும் கேள்வி கேட்கலாம்.

அடுத்தது வரவில்லை. ஷியாவோ யாங் பதவியில் இருந்த காலம் முழுக்க அந்தக் குறிப்பு தனியாகவே நின்றது.

அவருக்கு எதிராகவும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2003 ஆகஸ்டில் ஷென்யாங் நிழலுலகத் தலைவர் ஒருவருக்கு விதித்த மரண தண்டனையை மாகாண உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. போலீஸ் சித்திரவதை செய்திருக்க வாய்ப்பில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பது காரணங்களில் ஒன்று. சட்டப்படி பார்த்தால் துணிச்சலான தீர்ப்பு. ஆனால் இணையத்தில் மக்கள் கொதித்தார்கள். பணமும் செல்வாக்கும் காப்பாற்றிவிட்டது என்றார்கள். உச்ச நீதிமன்றம் வழக்கைத் தானே எடுத்து விசாரித்து, டிசம்பர் 22 அன்று மரண தண்டனை விதித்தது. அன்றைக்கே நிறைவேற்றியும் விட்டார்கள். அந்த ஆள் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. சித்திரவதைச் சந்தேகத்துக்கு மதிப்புக் கொடுத்த ஒரு நீதிமன்றத்தை, கூட்டத்தின் கோபத்துக்காக மேல் நீதிமன்றம் கவிழ்த்தது. அது வலிக்கிறது.

இனி முதல் கேள்விக்கு வருவோம். 1979 சட்டங்கள் மரண தண்டனை ஒப்புதலை உச்ச நீதிமன்றத்திடம்தான் கொடுத்தன. ஓராண்டுக்குள்ளேயே அது கை நழுவ ஆரம்பித்தது. 1983-ல் டெங் சியாவோபிங் காலத்துக் 'கடும் அடி' இயக்கம். குற்றவாளிகளைச் சீக்கிரம் பிடி, சீக்கிரம் தண்டி. அந்த வேகத்துக்குப் பெய்ஜிங்கின் ஒப்புதல் தடையாகத் தெரிந்தது. கொலை, பாலியல் வன்முறை, கொள்ளை, வெடிவைப்பு போன்ற வழக்குகளில் அதிகாரத்தை மாகாண உயர் நீதிமன்றங்களுக்குத் தரலாம் என்று நீதிமன்ற அமைப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். மேல்முறையீட்டை விசாரிப்பதும் அதே நீதிமன்றம், தண்டனைக்கு ஒப்புதல் தருவதும் அதே நீதிமன்றம். தன் தீர்ப்பைத் தானே சரிபார்த்துக்கொள்வது. 1996, 1997 சட்டங்கள் மறுபடி 'உச்ச நீதிமன்றம்' என்றே எழுதின; நடைமுறை மாறவில்லை. யான்ஆன் வழக்கு பெய்ஜிங் கண்ணில் படாமல் போனது இதனால்தான்.

2005-ல் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ஹூபே மாகாணத்தில் ஒரு பெண் 1994-ல் காணாமல் போனார், ஒரு குளத்தில் அடையாளம் தெரியாத பிணம் கிடைத்தது, கணவரைப் பிடித்தார்கள். முதலில் மரண தண்டனை. சாட்சியம் போதாது என்று மாகாண நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. அதன் பிறகு நகரத்து அரசியல்-சட்டக் குழு கூட்டம் போட்டுப் பேசி, வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்கு இறக்கி, 15 ஆண்டு சிறையாக முடித்தார்கள். குற்றத்தில் சந்தேகம் என்றால் விட வேண்டும். இவர்கள் சந்தேகத்துக்கு ஏற்பத் தண்டனையைக் குறைத்தார்கள். 2005 மார்ச் 28 அன்று அந்த மனைவி உயிரோடு ஊருக்கு நடந்து வந்தார். கணவர் 11 ஆண்டு உள்ளே இருந்துவிட்டார்.

அவராவது உயிரோடு இருந்தார். ஹேபே என்ற இன்னொரு மாகாணத்தில், 1995-ல் பாலியல் கொலை வழக்கில் சுட்டுக் கொல்லப்பட்ட ஓர் இளைஞருக்கு வயது இருபதுதான். அந்தக் கொலையை நான்தான் செய்தேன் என்று வேறொருவர் ஒப்புக்கொண்டதாக 2005-ல் பத்திரிகைகள் எழுதின. இளைஞரின் மரண தண்டனைக்கு ஒப்புதல் கொடுத்தது மாகாண நீதிமன்றமே. தாய் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினார். 2016 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அவர் மகன் நிரபராதி என்று சொன்னது. 21 ஆண்டுகள்.

இந்தச் சூட்டில்தான் அதிகாரத்தைத் திரும்ப எடுக்கும் வேலை முடிவுக்கு வந்தது. 2006 ஜூலை முதல் மரண தண்டனை மேல்முறையீடுகளைத் திறந்த நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டும் என்றானது. அதுவரை பெரும்பாலும் காகிதத்தைப் பார்த்தே முடித்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் இரண்டாக இருந்த குற்றவியல் அமர்வுகளை ஐந்தாக்கினார்கள். புதிதாக நீதிபதிகளை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். 2006 அக்டோபர் 31 அன்று சட்டத் திருத்தம் நிறைவேறியது. 2007 ஜனவரி 1 முதல் எந்த மரண தண்டனைக்கும் பெய்ஜிங்கின் ஒப்புதல் கட்டாயம்.

சீனாவில் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு மரண தண்டனை நிறைவேறுகிறது என்பது அரசு ரகசியம். ஆனால் 2007-ல் வந்த தீர்ப்புகளில் 15 சதவீதத்தை நிராகரித்ததாக நீதிமன்றத் தரப்பே சொன்னது. உடனடி மரண தண்டனையைவிட, இரண்டாண்டு நிறுத்திவைப்புடன் கூடிய மரண தண்டனை (பெரும்பாலும் ஆயுளாகக் குறைந்துவிடும்) எண்ணிக்கையில் அதிகமானதும் அந்த ஆண்டில்தான். பெயர் தெரியாத எத்தனையோ பேர் இந்த ஒரு திருத்தத்தால் இன்று உயிரோடு இருக்கிறார்கள். ஒரு நீதிபதியின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய காரியம் என்ன இருக்க முடியும்?

இது மட்டும் எப்படி நிறைவேறியது? என் கணிப்பு இது. மரண தண்டனை ஒப்புதலைத் திரும்ப எடுத்ததில் மையத்தின் கை பலப்பட்டது. மாகாணங்களின் கை தளர்ந்தது. கட்சியின் அதிகாரம் எங்கும் குறையவில்லை. அதனால் அனுமதி கிடைத்தது. அரசமைப்பை நீதிபதி கையில் கொடுப்பது அப்படியல்ல. அது நீதிமன்றத்துக்குத் தனிக் கால்களைக் கொடுக்கும்.

2008 மார்ச்சில் ஷியாவோ யாங் இறங்கினார். அடுத்து வந்த வாங் ஷெங்ஜுன், காவல் துறையிலும் அரசியல்-சட்டக் குழுவிலும் வளர்ந்தவர். கட்சியின் பணி, மக்களின் நலன், அரசமைப்பும் சட்டமும் என்ற 'மூன்று உச்சங்கள்' முழக்கமானது. வரிசையில் சட்டம் மூன்றாவது. அக்டோபரில் ஹுவாங் சோங்யூ ஊழல் விசாரணையில் பிடிபட்டார். 2010 ஜனவரியில் ஆயுள் தண்டனை. ஷியாவோ யாங்கின் நீதிமன்றத்திலேயே துணைத் தலைவராக இருந்தவர் அவர். லஞ்ச ஒழிப்பில் பெயர் வாங்கியவருக்கு இது பெரிய கறை. 2008 டிசம்பரில், அந்தக் கல்வி உரிமைக் குறிப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காரணமாக ஒரு வரி: இனி பயன்படுத்துவதில்லை.

2013-ல் தலைவரான ஜோ சியாங், ஷியாவோ யாங் அமைச்சராக இருந்தபோது நீதி அமைச்சகத்தில் வேலை பார்த்தவர், சட்டம் படித்தவர். பழைய பாதை திறக்கும் என்று பலர் நம்பினார்கள். 2017 ஜனவரியில் அவரே, நீதித்துறைச் சுதந்திரம், அதிகாரப் பிரிவினை போன்ற மேற்கத்தியத் தவறான கருத்துகளை உறுதியாக எதிர்க்க வேண்டும் என்று பேசினார். 2018-ல் வழக்குத் தொடுப்புத் துறைகளின் ஊழல் ஒழிப்புப் பணியகங்களை எடுத்து, கட்சியின் ஒழுங்குக் குழுவோடு ஒரே கூரையில் இயங்கும் தேசியக் கண்காணிப்பு ஆணையத்துக்கு மாற்றினார்கள். 1989-ல் குவாங்டொங்கில் முளைத்தது அத்தோடு முடிந்தது. 2019 ஏப்ரல் 19 அன்று, 80 வயதில், ஷியாவோ யாங் பெய்ஜிங்கில் காலமானார்.

அவர் போன மறு ஆண்டு, ஷான்டொங்கில் இருந்தே செய்தி வந்தது. மாகாணத்தின் 14 கல்லூரிகளில் பட்டங்களைச் சரிபார்த்ததில், பிறர் பெயரில் சேர்ந்து படித்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் 242 பேர். அத்தனை பேருக்கும் பின்னால், கடிதம் வராமல் வயலுக்கோ தொழிற்சாலைக்கோ போன ஒருவர் இருக்கிறார். 2021 மார்ச் முதல் இப்படிச் செய்வது சீனக் குற்றவியல் சட்டத்தில் தனிக் குற்றம். 2001-ல் அந்தப் பெண்ணுக்காக எழுதிய குறிப்பு ரத்தானது ரத்தானதுதான்.